"உங்க அக்கா இன்னும் படிச்சு முடிக்கலையா?"

எங்கள் ஊர் கோவில்பட்டி. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தியில் பாயசம் வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்.

"மூத்தவ என்ன பண்றா?"

"பிஹெச்.டி பண்றா."

"இன்னுமா?"

இந்த 'இன்னுமா'வைக் கேட்டதும் அம்மாவின் கை சாதத்தைப் பிசைவதை ஒரு நொடி நிறுத்தும். அடுத்து, "எதுல பிஹெச்.டி?" என்பார்கள். அம்மா தனக்குத் தெரிந்த மாதிரி சொல்வார். "செம்பு, இரும்பு மாதிரி சாமானையெல்லாம் வைர ஊசியால குத்திப் பார்க்குற படிப்பு."

ஒருமுறை பெரியம்மா, "அதுக்கு எதுக்குடி இத்தனை வருஷம்? ஒரே குத்துல தெரிஞ்சுடாதா?" என்று கேட்டுவிட்டார். பந்தியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரியான விளக்கம். பெரியம்மா கேட்டது மிக நல்ல கேள்வி. இரண்டும் எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. அதற்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்ய வேண்டியிருந்தது.

'இனி உடையவே உடையாது!'

2021. ஜர்னலிசம் டிப்ளமோ முடித்த கையோடு சென்னையில் ஒரு செய்தித் தளத்தில் சேர்ந்திருந்தேன். அது என் முதல் வேலை. ஒரு ஷிஃப்ட்டுக்குப் பன்னிரண்டு செய்தி எழுத வேண்டும். அதில் ஒன்று கிராஃபீன் என்ற பொருளைப் பற்றியது. இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். வைத்த தலைப்பு: 'எஃகைவிட 200 மடங்கு வலிமை... இனி உங்கள் செல்போன் உடையவே உடையாது!'

அன்று எங்கள் டெஸ்க்கில் அதிகம் படிக்கப்பட்ட செய்தி அதுதான். வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் எமோஜிகள் வந்து விழுந்தன. இரவு அக்காவிடமிருந்து போன் வந்தது. அவளும் சென்னையில், ஒரு பெரிய கல்வி நிறுவனத்தின் ஹாஸ்டலில் இருந்தாள்.

"டேய், அந்த கிராஃபீன் நியூஸ் நீ எழுதினதா?"

பாராட்டப் போகிறாள் என்று நினைத்து, "ஆமாக்கா" என்றேன்.

"வலிமைன்னா என்ன?"

"உடையாம இருக்கறது."

"அதுதான் இல்ல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நான் மூணு வருஷமா என்ன படிக்கிறேன்னு உனக்குத் தெரியாது, இல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகக் கேட்டாள். ஒரே வீட்டில் வளர்ந்தோம். அவளுடைய துறை திடப்பொருள் இயக்கவியல் என்பதும், அதில் அவள் நானோ அளவிலான பொருள்களை ஆராய்கிறாள் என்பதும் அவள் வைத்திருந்த விசிட்டிங் கார்டில் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

"ஒருநாள் லேப்புக்கு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ராத்திரியில் திறக்கும் லேப்

2022 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு போனேன். கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சின்ன அறை. நடுவில் கனமான மேஜை, அதன்மேல் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அந்தக் கருவி. நானோஇன்டென்டர் என்று பெயர். மேஜையின் கால்கள் காற்று மெத்தையின் மீது நிற்கின்றன. கட்டடத்தில் லிஃப்ட் ஓடினால்கூட கருவிக்குத் தெரிந்துவிடுமாம். அதனால்தான் ஊர் அடங்கிய பிறகு வேலை.

"ஏசியைக் கூட்டாத, குறைக்காத. அரை டிகிரி மாறினாக்கூட எல்லாம் விரிஞ்சு சுருங்கும். அளவு தப்பாயிடும்."

ஊசியின் முனையில் வைரம் இருக்கிறது. மூன்று பக்கம் கொண்ட பிரமிடு மாதிரி செதுக்கியது. அக்கா குத்திப் பார்ப்பது சிலிக்கான் தட்டின்மேல் படிய வைத்த செம்புப் படலத்தை. அதன் கனம் 1,000 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அதாவது, எண்பது படலங்களை அடுக்கினால்தான் ஒரு முடி கனம் வரும்.

இவ்வளவு மெல்லிய செம்பு எதற்கு? நம் கையில் இருக்கும் போனின் சிப்புக்குள் ஓடுகிற கம்பிகள் பெரும்பாலும் செம்புதான். போன் சூடாகி, குளிர்ந்து, மறுபடி சூடாகும்போது அந்தக் கம்பிகளும் இழுபட்டுத் தளர்கின்றன. பெரிய செம்புத் தகட்டின் குணம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால், இவ்வளவு சின்னதாகும்போதும் செம்பு அதே மாதிரிதான் நடந்துகொள்ளுமா? அக்காவின் ஆராய்ச்சி மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்.

படலத்தின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் ஊசி இறங்கக் கூடாது. இறங்கினால் அடியில் இருக்கும் சிலிக்கானின் குணம் கலந்துவிடும். ஆக, 100 நானோமீட்டருக்குள் கதையை முடிக்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் அழுத்தம் ஒரு மில்லிநியூட்டனுக்கும் குறைவு. இரண்டு மூன்று அரிசி மணிகளை வைத்தால் என்ன எடையோ, அவ்வளவுதான்.

"குத்தின குழி கண்ணுக்குத் தெரியுமா?"

"சாதாரண மைக்ராஸ்கோப்லகூட ஒழுங்காத் தெரியாது. அதுலதான் விஷயமே இருக்கு" என்றாள் அக்கா.

1900-ல் ஸ்வீடன்காரரான பிரினெல் என்பவர் ஓர் உருண்டையை உலோகத்தில் அழுத்தி, விழுந்த பள்ளத்தை அளந்து கடினத்தன்மையைச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். பள்ளத்தைப் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னதாகப் போனால் என்ன செய்வது? 1992-ல் ஆலிவர், ஃபார் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வழி சொன்னார்கள். பள்ளத்தைப் பார்க்கவே வேண்டாம். ஊசி இறங்கும்போது எவ்வளவு விசை, எவ்வளவு ஆழம் என்று கிராஃப் போடு. அதைவிட முக்கியம், ஊசியைத் திரும்ப எடுக்கும்போது பொருள் எப்படி எழும்புகிறது என்று பார். அந்தச் சரிவிலேயே பதில் இருக்கிறது.

அன்று இரவு நான் பார்த்ததும் அதைத்தான். திரையில் ஒரு கோடு மெல்ல ஏறியது. உச்சியில் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கியது. அவ்வளவுதான்.

"முடிஞ்சுதா?"

"ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் தொண்ணூத்தொம்பது இருக்கு."

பெரியம்மாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். ஒரே குத்தில் தெரியாதா?

"ஒரு குத்து பொய் சொல்லும்டா. அந்த இடத்துல ஒரு தூசு இருக்கலாம், மேல்பரப்பு கொஞ்சம் மேடா இருக்கலாம், ஊசி செம்போட ஒரு மணிக்கு நடுவுல இறங்காம ரெண்டு மணிக்கு இடையில இறங்கியிருக்கலாம். நூறு குத்து குத்தினா, கொஞ்சம் உண்மை சொல்லும்."

ஜமக்காளமும் கடலை மிட்டாயும்

இடையில் டீ குடிக்கப் போனோம். கேன்டீன் பெஞ்சில் வைத்துத்தான் அக்கா எனக்குப் பாடம் எடுத்தாள்.

"கல்யாண மண்டபத்துல விரிச்ச பெரிய ஜமக்காளத்தை ஒரு அடி நகர்த்தணும். ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா வருமா?"

"வராது."

"ஒரு ஓரத்துல ஒரு மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பை மட்டும் தள்ளிக்கிட்டே போ. மறு ஓரம் போறதுக்குள்ள ஜமக்காளம் நகர்ந்திருக்கும். உலோகம் வளையறதும் இப்படித்தான்."

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா அணுக்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த ஏகப்பட்ட விசை வேண்டும். ஆனால், அந்த வரிசையில் எங்கோ ஒரு பிசகு இருந்தால், ஜமக்காள மடிப்பு மாதிரி அந்தப் பிசகு மட்டும் ஊர்ந்து போய் வேலையை முடித்துவிடும். 1934-ல் டெய்லர், ஓரோவான், போலானி என்ற மூன்று பேர் தனித்தனியாக இந்த முடிவுக்கு வந்தார்கள். பொருள் சின்னதாகச் சின்னதாக, இந்தப் பிசகுகள் உருவாகவும் நகரவும் இடம் குறைகிறது. அதனால் அது கடினமாகிறது.

உடைவதிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த கிரிஃபித் 1920-ல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடியை இழையாக இழுத்து, ஒவ்வோர் இழையும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடியைவிட, அதில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு தடிமன் உள்ள இழை ஏறக்குறைய 20 மடங்கு அதிக வலிமை காட்டியது. கண்ணாடி அதேதான். தடித்ததில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருந்தன. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை.

"இப்போ உன் கிராஃபீனுக்கு வா" என்றாள்.

கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு கனமுள்ள கரித்தாள். 2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டிலிருந்து சாதாரண ஒட்டும் டேப்பை வைத்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2008-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஒரு மைக்ரான் அளவுள்ள துளையின்மேல் அந்தத் தாளை மத்தளத் தோல் மாதிரி விரித்து, வைர முனையால் அழுத்தி உடைத்துப் பார்த்தார்கள். வலிமை 130 கிகாபாஸ்கல் என்று வந்தது. கட்டடங்களுக்குப் போடும் எஃகுக்கு இது அரை கிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும்.

"அப்போ 200 மடங்கு உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா அந்தத் தாளை உடைக்க அவங்களுக்கு எவ்வளவு விசை தேவைப்பட்டுச்சு தெரியுமா? சில மைக்ரோநியூட்டன். நான் குத்துறதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. ஒரு அணு கனம்தானே! அதுவும் எந்தக் குறையும் இல்லாத ஒரு சின்ன வட்டம். அதுல ஒரு கீறல் விழுந்துட்டா?"

2014-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் சேர்ந்து அதைத்தான் சோதித்தன. கிராஃபீனில் முதலிலேயே ஒரு வெட்டுப் போட்டுவிட்டு இழுத்தார்கள். கண்ணாடி மாதிரி சட்டென்று உடைந்தது. வலிமை வேறு, கீறல் விழுந்த பிறகும் தாங்கி நிற்கும் குணம் வேறு. நான் தலைப்பில் எழுதிய 'உடையவே உடையாது' இரண்டாவது குணம். கிராஃபீனுக்கு அதிகம் இருப்பது முதல் குணம்.

அக்கா பையிலிருந்து ஊர்க் கடலை மிட்டாயை எடுத்தாள். "வெறும் பாகைக் காய்ச்சித் தகடா ஊத்தி உடைச்சா, கண்ணாடி மாதிரி நேரா உடையும். இதை உடை." உடைத்தேன். வளைந்து வளைந்து, கடலையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது விரிசல். "ஒவ்வொரு கடலையும் விரிசலை ஒரு சுத்து சுத்த விடுது. அது தாங்குற குணம். புரியுதா?"

அப்போதும் விடாமல், "நம்ம கீழடியிலேயே நானோ டெக்னாலஜி இருந்துச்சாமே?" என்றேன்.

"கீழடிப் பானை ஓட்டுல இருந்த கறுப்புப் பூச்சுல கார்பன் நானோ குழாய் இருந்தது உண்மை. வேலூர் விஐடி-யில இருந்து பண்ணின ஆராய்ச்சி, 2020-ல சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்ல வந்துச்சு. அதை மட்டும் எழுது. குயவருக்கு நானோ தெரிஞ்சிருந்ததுன்னு எழுதாத. இவ்வளவு நூற்றாண்டா பூச்சு உதிரலை. அந்தக் கைப்பக்குவத்துக்கு நீ ஒரு மடங்குகூட ஏத்திச் சொல்ல வேண்டியதில்ல."

கிளம்பும்போது ஒரு கிராஃபைக் காட்டினாள். ஆழம் குறையக் குறைய செம்பின் கடினத்தன்மை அழகாக ஏறியது. "இதுதான் என் தீசிஸ். இன்னும் மூணு மாசத்துல பேப்பர் அனுப்பிடுவேன்." அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த வாழ்க்கையும் கொஞ்சம்

பிஹெச்.டி என்றால் வீட்டில் எல்லோரும் கல்லூரிப் படிப்பு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பரீட்சை எழுதினால் முடிந்துவிடும் என்று. அப்படி இல்லை. முதல் வருடம் வகுப்புகள். பிறகு, இதுவரை யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வியைப் பிடிக்க வேண்டும். பதில் கிடைத்தால் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் அதைப் படித்துக் குறை சொல்வார்கள். சிலர் பதினைந்து நாளில் சொல்வார்கள். சிலர் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு இரண்டே வரியில் 'வேண்டாம்' என்பார்கள்.

மத்திய அரசின் ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் 2019-ல் மாதம் 31,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து அது 37,000 ஆனது. இரண்டு வருடம் கழித்து சீனியர் ஆனால் 42,000. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், சில மாதம் சேர்ந்தாற்போல் வராது, பிறகு மொத்தமாக வரும். பொதுவாக ஐந்து வருடத்தோடு அது நின்றுவிடும். ஆராய்ச்சி நிற்காது.

அக்கா 2018-ல் சேர்ந்தாள். 2020-ல் கொரோனா வந்து லேப் பூட்டியது. ஊரில் வந்து உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில்தான் வீட்டுக்கு ஜாதகங்கள் வர ஆரம்பித்தன. "படிப்பு முடிஞ்சதும் பார்க்கலாம்" என்று அம்மா சொல்வார். "எப்போ முடியும்?" என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அக்காவிடமே பதில் இருக்காது. அவளுடைய வகுப்புத் தோழிகள் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார்கள். அக்கா ஹாஸ்டல் அறையில் 25 வயதில் வைத்திருந்த அதே பக்கெட்டை 29 வயதிலும் வைத்திருந்தாள்.

நான் இதையெல்லாம் அப்போது கவனிக்கவில்லை. கவனித்தது ஒரு போன் காலுக்குப் பிறகுதான்.

"கிராஃப் தப்புடா"

2022 ஜூலை. எனக்கு நைட் ஷிஃப்ட். ராத்திரி ஒரு மணி இருக்கும். அக்கா கூப்பிட்டாள்.

"டேய், கிராஃப் தப்பு."

"எந்த கிராஃப்?"

"என் கிராஃப்."

நடந்தது இதுதான். நானோஇன்டென்டரில் ஊசி முனையின் வடிவம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். முனை எவ்வளவு பரப்பில் பொருளைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் கடினத்தன்மையைக் கணக்கிடுகிறார்கள். எழுத எழுதப் பென்சில் மழுங்குவது மாதிரி, வைர முனையும் பல ஆயிரம் குத்துகளுக்குப் பிறகு கொஞ்சம் மழுங்கும். மழுங்கிய முனை அதிகப் பரப்பில் தொடும், அதனால் அதிக விசை கேட்கும். ஆனால், கணக்கில் இருப்பது பழைய கூர்முனையின் பரப்பு. விளைவு, பொருள் உண்மையில் இருப்பதைவிடக் கடினமாகத் தெரியும். ஆழமாகக் குத்தும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மேலோட்டமாகக் குத்தும்போதுதான் தப்பு பெரிதாகும்.

அக்காவின் வேலை முழுக்க மேலோட்டமான குத்துதான்.

இதைச் சரிபார்க்க ஃபியூஸ்டு சிலிக்கா என்ற கண்ணாடித் துண்டு வைத்திருக்கிறார்கள். அதைக் குத்தினால் மீள்தன்மை எண் 72 கிகாபாஸ்கல் என்று வர வேண்டும், எந்த ஆழத்திலும். கருவி பல பேர் பயன்படுத்துவது. பதிவேட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தது. ஆழமான குத்தில் மட்டும் சரிபார்த்திருக்கிறார்கள். அந்த ராத்திரி அக்கா ஏதோ சந்தேகத்தில் மேலோட்டமாகக் குத்திப் பார்த்திருக்கிறாள். 72 வர வேண்டிய இடத்தில் 80-ஐத் தாண்டிப் போயிருக்கிறது.

எட்டு மாத அளவீடுகள். கட்டுரை எழுதி முடித்து, மறுநாள் அனுப்பத் தயாராக இருந்தது.

நான் அவசரமாகச் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "யாருக்குக்கா தெரியப் போவுது? அனுப்பிடு."

அக்கா திட்டவில்லை. "அப்படித்தான் எனக்கும் ஒரு மணி நேரமாத் தோணிக்கிட்டிருக்கு. அதான் யாருகிட்டயாவது பேசலாம்னு போன் பண்ணேன்" என்றாள். பிறகு அழுதாள். நான் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.

காலையில் அவள் கைடிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் வெகுநேரம் கிராஃபைப் பார்த்துவிட்டு, "புது முனை வாங்கலாம். திரும்பப் பண்ணு" என்றாராம். வாங்க நான்கு மாதம் ஆனது. திரும்பக் குத்தி முடிக்க ஒரு வருடம். அதற்குள் ஃபெல்லோஷிப் முடிந்துவிட்டது. மாலையில் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு ட்யூஷன் எடுத்து மெஸ் பில் கட்டினாள்.

ஊரில் அதைச் சொன்னபோது அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் ஒரு வருடம் ஆகும் என்பது மட்டும் புரிந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்தாவதுக்குமேல் படிக்காதவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊசி மழுங்கினதை எப்படிக் கண்டுபிடிச்ச?"

அத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் அக்காவிடம் கேட்ட முதல் சரியான கேள்வி அதுதான். அவள் சொல்லச் சொல்ல, அப்பா தலையாட்டினார். "மில்லுல அளவு கேஜ் தேஞ்சு போனா, கெட்ட சாமான் நல்ல சாமானாத் தெரியும். எல்லாரும் சாமானைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பான். கேஜை எவனும் பார்க்க மாட்டான். நீ பார்த்திருக்க" என்றார்.

அக்கா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

கடைசி ஸ்லைடு

புது முனையில் வந்த முடிவு என்ன? சின்னதாகும்போது செம்பு கடினமாவது உண்மைதான். ஆனால், முன்பு தெரிந்த ஏற்றத்தில் பாதிகூட இல்லை. 'ஆஹா' என்று யாரும் சொல்லக்கூடிய கிராஃப் இல்லை. முதலில் அனுப்ப நினைத்த பெரிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாவது இதழ், இரண்டு சுற்றுத் திருத்தங்களுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டது.

2025 பிப்ரவரியில் வைவா. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் குடும்பத்தோடு போனோம். அம்மா இரண்டு கிலோ கடலை மிட்டாய் எடுத்து வந்திருந்தார். முழுக்க இங்கிலீஷில் நடந்த ஒன்றரை மணி நேரமும் அப்பா முன் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா கடைசிப் பகுதியில் இரண்டு கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "சரியான முடிவு கையில் இருக்கும்போது, தப்பான கிராஃபை ஏன் தீசிஸில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"எனக்குப் பிறகு அந்தக் கருவியில் உட்காருபவர் எட்டு மாதத்தை இழக்கக் கூடாது சார்" என்றாள்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' சேர்த்துக் கூப்பிட்டார்கள். அம்மா அழுதார். அப்பா மட்டும் கேன்டீனில் என்னிடம் மெதுவாக, "ரெண்டாவது படத்துல கோடு கம்மியாத்தானே ஏறுச்சு? அதுதானே நிஜம்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

என்னுடைய கிராஃப்

இப்போது என் கதை. அக்காவின் அந்த போன் காலுக்கு அடுத்த வாரம், நான் என் கிராஃபீன் தலைப்பைத் திருத்தலாமா என்று டெஸ்க்கில் கேட்டேன். "பழைய நியூஸை யாருப்பா படிக்கப் போறாங்க? அடுத்ததை எழுது" என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. பிறகு வேலை மாறி வந்துவிட்டேன்.

யாரும் படிக்க மாட்டார்கள் என்பது பொய். போன வருடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், பெரியம்மா மகன் அதையே ஃபார்வேர்டு செய்திருந்தான். 'இனி போன் உடையவே உடையாதாம்!' கீழே என் பெயர்.

அந்தச் செய்தியில் எண் சரி. 200 மடங்கு சரி. தப்பு, நான் அதிலிருந்து தாவிய தாவலில் இருந்தது. ஓர் அணு கனமுள்ள, குறையே இல்லாத ஒரு சின்ன வட்டத்தில் அளந்ததை உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன்மீது ஏற்றி வைத்தேன். அக்கா தன் தப்பைத் திருத்த ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு பத்தி போதும். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அந்தப் பழைய தலைப்பு உங்கள் குரூப்பிலும் வந்தால், இதைப் பதிலாக அனுப்புங்கள்.

சென்ற மாதம் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசத்துக்கு முன்னால் பெரியம்மா ஆரம்பித்தார். "மூத்தவ படிச்சு முடிச்சுட்டாளாமே. இப்போ என்ன பண்றா?"

"வெளியூர்ல போஸ்ட் டாக்டரேட்" என்றார் அம்மா. "ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்."

"அங்க என்ன பண்ணுவா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "குத்திப் பார்ப்பா பெரியம்மா. ஒரே குத்துல தெரியாதுல்ல?"

இந்த முறை அம்மாவும் சிரித்தார்.